யோகம் யாருக்கு உரியது?

யோகம் மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான சொத்து என்னும் கூற்று இன்று எந்த மேடையிலும் எதிர்ப்பின்றி ஏற்கப்படுகிறது. 2014ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, யூன் 21ஐச் சர்வதேச யோகா தினமாகப் பிரகடனஞ் செய்தபோது 177 நாடுகள் அத்தீர்மானத்தின் இணை அனுசரணையாளராயின. அடுத்த ஆண்டு, அப்போது ராஜபாதை என வழங்கிய புதுடில்லிப் பெருந்தெருவிலே 35,985 பேர் ஒரே நேரத்தில் ஒரே ஆசனங்களைச் செய்தனர். அந்நிகழ்ச்சியின் நிழற்படங்களைக் காண்போர்க்கு வரிசைகளின் ஒழுங்கு வியப்பூட்டும். வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய வினாவோ வேறு. அவ்வரிசைக்குள் வர முடியாதவர் யார்? இந்தப் பொதுச்சொத்து எப்போது, எவரால், எந்த நிர்ப்பந்தத்தின் பேரிற் பொதுவாக்கப்பட்டது? அல்லது இன்னும் பொதுவாக்கப்படவில்லையா?

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் ஆயத்தமாக உள்ளன. யோகம் தொன்றுதொட்டே எல்லார்க்கும் திறந்திருந்தது என்பர் பழைமை போற்றுவோர். அது துறவிகளினதும் உயர்சாதியினரதும் கையிலிருந்த வெறும் மயக்கமருந்து என்பர் எம்மவருட் சிலர். இரண்டும் நூல்களைப் படியாமற் கூறப்படும் விடைகள் என்றே நாம் கருதுகிறோம்.

பதஞ்சலியின் யோகசூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 195 சூத்திரங்களைக் கொண்ட அந்நூலில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவன மூன்றே. இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்பதே அங்கே விதிக்கப்படும் இலக்கணம். காலைத் தலைக்குப் பின்னால் மடக்குவது பற்றியோ தலைகீழாக நிற்பது பற்றியோ அந்நூலில் ஒரு சொல்லுமில்லை. இன்றைய யோக வகுப்புக்களில் உடல் வளையாதவன் அடையும் நாணத்துக்குப் பதஞ்சலி பொறுப்பாளியல்லர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. ஆயினும் அந்நூல் எவரை நோக்கிப் பேசுகிறது? உலகியலிலிருந்து ஒதுங்கி, உழைப்பிலிருந்து விடுபட்டு, பிறர் இடும் உணவில் வாழக்கூடிய ஒருவனை நோக்கியே பேசுகிறது. ஏர்பூட்டியவனுக்கும் நெற்குத்தியவளுக்கும் அதில் இடமிருந்ததாகத் தெரியவில்லை.

பல நூற்றாண்டுகளின் பின்னர் நிலைமை மாறுகிறது. ஏறக்குறைய பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தத்தாத்திரேய யோகசாத்திரம் என்னும் வடமொழி நூல், அடயோகம் எனப்படும் உடல்வழி யோகத்தை அப்பெயரிலேயே விரிவாகக் கற்பிக்கும் முந்திய நூல்களுள் ஒன்று. அந்தணனாயினும் துறவியாயினும் பௌத்தனாயினும் சமணனாயினும் மண்டையோடு ஏந்திய காபாலிகனாயினும், ஏன், கடவுளையே மறுக்கும் சார்வாகனாயினும், பயிற்சியில் ஈடுபடுவோன் பேறடைவான் என்று அந்நூல் உரைக்கிறது. இளைஞன், முதியவன், நோயாளி, மெலிந்தவன் என்ற வேறுபாடும் தடையன்று என்கிறது. யோகியின் வேடம் புனைவதாலோ யோகம்பற்றி வாய்வீச்சு வீசுவதாலோ எதுவும் கைகூடாது, செயலே கைகூட்டும் என்பதும் அதன் துணிபு. பதினைந்தாம் நூற்றாண்டின் அடப்பிரதீபிகையும் இக்கருத்தையே ஏற்றுப் பாடுகிறது. சூத்திரனுக்கு வேதக்கல்வியில் அதிகாரமில்லை எனச் சங்கரர் பிரமசூத்திர உரையிலே நிலைநாட்ட முயன்ற ஒரு மரபின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, சார்வாகனையும் அழைக்கும் இந்தக் குரல் எத்துணைப் புரட்சிகரமானது என்பது புலனாகும். பிறப்பை விடுத்துப் பயிற்சியைத் தகுதியாக்கிய குரல் அது.

எனினும் குரல் ஒன்று, நடைமுறை மற்றொன்று. அதே அடயோக நூல்களில் பெண்ணைப் பற்றிய பேச்சு மிகச் சில இடங்களிலேயே வருகிறது. அவ்விடங்களிற் பலவற்றில் அவள் விலகியிருக்கவேண்டிய ஆபத்தாகவே காட்டப்படுகிறாள். பயிலும் பெண்ணை ஒப்புக்கொள்ளும் ஓரிரு வரிகள் இல்லாமலில்லை. ஆனால் விதி ஆணுக்காக எழுதப்பட்டது, அவள் விதிவிலக்கு.

அடயோகத்தைத் தாங்கி நின்றவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. கோரக்கரைக் குருவாகக் கொண்ட நாத யோகியர் பல சாதிகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுள் இஸ்லாமியரும் இருந்தனர். வங்காளத்திலே ஜுகி எனப்பட்ட நெசவாளர் சாதியினர் தம்மை இந்த யோகியரின் வழித்தோன்றல்களாகக் கருதி வந்தனர். குவாலியரைச் சேர்ந்த சூபி ஞானி முகம்மது கௌஸ் பதினாறாம் நூற்றாண்டிலே ஒரு யோக நூலைப் பாரசீகத்தில் 'பஹ்ர் அல்ஹயாத்' என்ற பெயரில் ஆக்கினார். பின்னாளில் ஜஹாங்கீர் சக்கரவர்த்தியான இளவரசர் சலீமுக்காக, 1600ஆம் ஆண்டையடுத்து, அலகாபாத்தில் அந்நூலின் ஓவியப்படி ஒன்று தீட்டப்பட்டது. அதில் இருபத்தொரு யோக நிலைகள் வரையப்பட்டுள்ளன. ஆசனங்களை வரிசையாகச் சித்திரிக்கும் மிகப் பழைய ஏடுகளுள் ஒன்று, ஒரு முஸ்லிம் ஞானியின் நூல், ஒரு முஸ்லிம் இளவரசனுக்காக வரையப்பட்டது என்பதை யோகத்தை ஒரு மதத்தின் வேலிக்குள் அடைக்க முனைவோர் அறிந்திருத்தல் நன்று.

தமிழிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் எண்வகை யோக உறுப்புக்களையும் தமிழிலே சொல்கிறது. வடமொழி அறியாதவனுக்கும் அவ்வறிவு எட்டும் என்பதே அதன் சமூகப் பொருள். பின்வந்த சித்தர்களோ சாதியையும் சடங்கையும் வெளிப்படையாகவே எள்ளி நகையாடினர். மடாலயங்கள் அவர்களை நெடுங்காலம் ஓரக்கண்ணாலேயே பார்த்தமைக்கு அவர்களுடைய யோகம் காரணமன்று. அந்த நகைப்பே காரணம்.

பிரித்தானிய ஆட்சி வந்தபோது இந்த நாடோடி யோகியரின் வாழ்வில் பேரிடி விழுந்தது. ஆயுதந் தாங்கிய சந்நியாசிகளும் பக்கீர்களும் வங்காளத்திலே கும்பனியாரின் வரிவசூலுக்கு இடையூறாயினர். 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அலைந்து திரியும் சந்நியாசிகளை நாட்டைவிட்டு அகற்ற ஆணையிட்டார். வணிகப் பாதைகளிலும் படைத்தொழிலிலும் பிழைத்தவர்கள் படிப்படியாகச் சந்தையிலே உடலை முறுக்கிக்காட்டிக் காசு கேட்கும் இரவலராயினர். ஆங்கிலங் கற்ற புதிய மத்தியதர வர்க்கத்துக்கு அவர்கள் ஓர் அவமானச் சின்னம். 1896இல் வெளியான தமது இராசயோக நூலில் விவேகானந்தர் அடயோகத்தை ஒதுக்கிவைத்ததற்கு இந்தச் சூழலும் ஒரு காரணம் எனலாம். உடலை விட்டுவிட்டு மனத்தை மட்டும் மேற்கு நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தார் என்று கூறுவது சற்றுக் கடுமையாக ஒலிக்கும். ஆனால் முற்றிலும் பொய்யாகாது.

பின்னர் அதே வர்க்கம் உடலை மீட்டெடுத்தது. அடிமை நாட்டவனின் உடல் நலிந்தது என்னும் ஏளனத்துக்கு மறுமொழி தேவைப்பட்ட காலம் அது. 1918இல் யோகேந்திரர் பம்பாயிலே யோக நிலையம் அமைத்தார். 1920இல் சென்னையிலே கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் உடற்கல்விக் கல்லூரி தோன்றியது. 1924இல் குவலயானந்தர் லோனாவ்லாவிலே கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சிகளையும் எக்ஸ் கதிர்க் கருவியின் முன் வைத்து ஆராயத் தொடங்கினார். ஐரோப்பியச் சீருடற்பயிற்சியும் பழைய ஆசனமும் ஒன்றையொன்று பாதித்து இன்று நாம் காணும் யோகாசனப் பயிற்சி உருவாயிற்று. இது பெருமைக்குரிய சாதனைதான். ஆனால் யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று கேட்டால் கணக்கு வேறாகிறது. வக்கீலும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் யோகிகளாயினர். பரம்பரை யோகியான ஜோகி கதவுக்கு வெளியே நின்றான். அவனிடமிருந்து பெற்ற பயிற்சிக்குப் பதஞ்சலியின் பெயர் சூட்டப்பட்டது. நெசவாளனின் தறியை எடுத்துக்கொண்டு நெசவாளனை மறந்த வரலாறு எமக்குப் புதியதன்று.

மைசூருக்கு வருவோம். 1933இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையிலே திருமலை கிருஷ்ணமாசாரியார் ஒரு யோகசாலையை நடத்தத் தொடங்கினார். உலகெங்கும் இன்று கற்பிக்கப்படும் ஆசன முறைகளிற் பெரும்பகுதி அந்த மண்டபத்தின் வழியாகவே வந்தது. அங்கே பயின்றோர் அரசகுலத்தைச் சேர்ந்த அரசு வகுப்புச் சிறுவரும் ஒருசில பிராமண இளைஞரும். தாவிக் குதித்து, ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மூச்சோடு பாயும் அம்முறை, துள்ளும் வயதினரான அச்சிறுவரின் உடலுக்கென்றே அமைந்தது. நாற்பது வயதுத் தையற்காரனையோ பிள்ளை பெற்ற தாயையோ மனத்திற்கொண்டு அது அமைக்கப்படவில்லை. அந்தச் சிறுவர் உடலே பின்னர் உலகம் முழுவதற்கும் அளவுகோலாயிற்று. இதை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. இன்று எவரேனும் தம்முடல் யோகத்துக்குப் பொருந்தாது என்று எண்ணிப் பின்வாங்குவாராயின், அவர் தம்மை ஒப்பிட்டுப் பார்ப்பது ஏதோ ஆதிகால முனிவர் ஒருவரோடன்று. 1930களின் மைசூர் அரண்மனைச் சிறுவனோடுதான்.

அந்த மண்டபத்துக் கதவை முதலிலே தட்டிய அந்நியருள் ஒருவர் பெண். றீகாவிற் பிறந்த யூஜீனியா பீற்றர்சன், பிற்காலத்தில் இந்திரா தேவி எனப் பெயர்பெற்றவர். பெண்ணென்றும் வெளிநாட்டவரென்றுங் கூறிக் கிருஷ்ணமாசாரியார் முதலில் மறுத்துவிட்டார். மன்னரின் தலையீட்டின் பின்னரே, 1930களின் பிற்பகுதியில், அவர் மாணவியாக ஏற்கப்பட்டார். ஆசாரியார் பின்னர் அவரையே ஆசிரியராகும்படி ஊக்கியதும் உண்மை. 1939இல் ஷங்காயிலும் 1947இல் ஹொலிவூட்டிலும் அவர் பள்ளிகள் திறந்தார். ஆனால் இந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் ஒருவர் உள்ளார். ஆசாரியாரின் மனைவி நாமகிரியம்மாள். 1938இல் எடுக்கப்பட்ட ஊமைப் படச்சுருளில் அவரும் குழந்தைகளும் ஆசனஞ் செய்வதைக் காணலாம். வெளிநாட்டுப் பெண்ணுக்கு மன்னரின் சிபாரிசு தேவைப்பட்டது; வீட்டுப் பெண்ணோ வீட்டுக்குள்ளேயே கற்றார், வீட்டுக்குள்ளேயே நின்றார். இதே பத்தாண்டில், 1934இல், யோகேந்திரரின் துணைவி சீதாதேவி பெண்களுக்கான யோக உடற்கல்வி நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டதையும் சேர்த்து நோக்கவேண்டும்.

நாமகிரியம்மாளின் தம்பிதான் பெல்லூர் கிருஷ்ணமாசார் சுந்தரராஜ ஐயங்கார். 1918ஆம் ஆண்டின் பெரு விஷக்காய்ச்சற் காலத்தில், பள்ளி ஆசிரியர் ஒருவரின் பதினோராவது பிள்ளையாகப் பிறந்தவர். மலேரியா, நெருப்புக்காய்ச்சல், கசம் ஆகிய மூன்றும் அவரை மாறி மாறித் தாக்கின. மெலிந்த கைகால்களும் நிமிராத தலையுமாக 1934இல் மைசூருக்கு வந்த இச்சிறுவனை ஆசாரியார் தொடக்கத்திற் பொருட்படுத்தவேயில்லை. வடகன்னடப் பகுதியில் பெண்கள் சிலர் கற்க விரும்பியபோது, வயதிற் சிறியவன் என்ற காரணத்தாலேயே அவர் கற்பிக்க அனுப்பப்பட்டார். 1937இல் ஆறு மாதத்துக்கெனப் பூனாவுக்குப் போனவர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கினார்.

இங்கே ஒரு நுட்பமான திருப்பம் நிகழ்கிறது. ஆரோக்கியமான உடலோடு பிறந்தவர்கள் ஆசனத்தை ஒரு சாகசமாகக் கண்டனர். நோயுற்ற உடலோடு தொடங்கியவர் அதை ஒரு கேள்வியாகக் கண்டார். முழங்கால் மடங்காதவனுக்கு என்ன செய்வது? கை தரையை எட்டாதவளுக்கு என்ன செய்வது? மரக்கட்டை, பட்டி, சுவரிற் கட்டிய கயிறு, மடித்த கம்பளி, சாதாரண இரும்பு நாற்காலி என்பன ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய வகுப்புக்கு வந்தன. தரை எட்டவில்லையெனின் தரையை மேலே கொண்டுவா என்பதே இவ்வேற்பாட்டின் தத்துவம். உடல் ஆசனத்துக்குப் பணிய வேண்டும் என்னும் பழைய நியதி தலைகீழாகி, ஆசனம் உடலுக்கு இணங்கலாயிற்று. 1979இல் அவரே விபத்துகளிற் சிக்கிய பின் இந்தச் சாதனங்களின் பயன்பாடு மேலும் விரிந்தது. சிறுவயதிலேயே சிறுநீரக நோயால் வருந்திய அவருடைய மகள் கீதா ஐயங்கார், பெண்களின் பூப்பு, கர்ப்பம், மாதவிலக்கு ஓய்வு ஆகிய நிலைகளுக்கேற்பப் பயிற்சியை வகுத்து எழுதினார். ஆணுடலே இயல்பான உடல் என்ற எண்ணத்திற்கு அந்நூல் தந்த அடி சிறியதன்று.

ஐயங்காரைப் புனிதராக்க நாம் முற்படவில்லை. கடுஞ்சொல்லும் அடியும் அவருடைய வகுப்பில் இருந்தன என்பதை அவருடைய மாணவரே பதிவுசெய்துள்ளனர். 1958இல் எண்பது வயது கடந்த பெல்ஜிய நாட்டு இராணி எலிசபெத்துக்கு அவர் தலைகீழ் நிலையைக் கற்பித்த செய்தியை அடியார்கள் பரவசத்தோடு எடுத்துரைப்பர். எமக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. 1970ஆம் ஆண்டையொட்டி இலண்டன் நகர உட்பகுதிக் கல்வி அதிகார சபை, வளர்ந்தோர்க்கான மாலைநேர வகுப்புக்களில் அவருடைய முறையைச் சேர்த்துக்கொண்டது. ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் மட்டுமே கற்பிக்கலாம், தத்துவம் புகக்கூடாது என்பது நிபந்தனை. மக்கள் வரிப்பணத்தில் நடந்த அரச பாடசாலை மண்டபங்களிலே குறைந்த கட்டணத்துக்கு யோகம் கற்பிக்கப்பட்டது. வந்தவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். இல்லத்தரசிகளும் தொழில் பார்ப்போரும் அவர்களுள் இருந்தனர். யோகத்தின் கதவை அகலத் திறந்தவர் குருவா, இராணியா, மாலைநேரப் பாடசாலையா என்று எவரேனும் கேட்பின் எமது விடை ஐயத்துக்கிடமற்றது. பொதுக் கல்வி செய்யும் வேலையை அருள் செய்வதில்லை.

தமிழருக்கு இவ்வரலாற்றில் உள்ள பங்கு பற்றியும் ஒரு வார்த்தை. ரிஷிகேசத்திலே தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சிவானந்தர், பத்தமடையிற் பிறந்த வைத்தியர். 1913 முதல் பத்தாண்டுகள் மலாயாவிலே றப்பர்த் தோட்ட வைத்தியசாலையிற் பணியாற்றியவர். தோட்டக் கூலிகளின் உடல்களைப் பார்த்துப் பழகிய ஒருவர், பின்னர் எளிய ஆங்கிலத்திற் சிறு நூல்களாகவும் கடிதங்களாகவும் யோகத்தை அஞ்சலில் அனுப்பலானார் என்பதை ஒரு தற்செயல் என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. அவருடைய சீடர் சச்சிதானந்தர் 1950களில் இலங்கைக்கு வந்து மலைநாட்டிலே தங்கிப் பணிசெய்தார். அவரே 1969இல் அமெரிக்காவின் வூட்ஸ்ரொக் இசைவிழாவைத் தொடக்கிவைத்தவர்.

அமெரிக்கா என்றதும் ஹொலிவூட் நடிகைகளும் நீண்ட கூந்தல் இளைஞருமே நினைவுக்கு வருவர். அந்நாட்டு யோக வரலாற்றின் மிக ஆழமான பக்கம் சிறைக்கூடத்திலே எழுதப்பட்டது. எரிக்கா ஹகின்ஸ் கருஞ்சிறுத்தைக் கட்சியைச் சேர்ந்தவர். 1969 யனவரியில் அவருடைய கணவர் ஜோன் ஹகின்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக வளவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர்களின் மகளுக்கு வயது மூன்று வாரம். அதே ஆண்டு மே மாதத்தில் எரிக்கா கைதாகிக் கனெக்ரிக்கட் மாநிலத்துப் பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். வழக்கு 1971இல் கைவிடப்படும் வரை இரண்டு ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. கைக்குழந்தையைக் காண வாரத்துக்கு ஒரு மணித்தியாலமே அனுமதி. அந்தத் தனிமையிலே அவர் ஒரு யோக நூலைத் துணையாகக் கொண்டு தானே ஆசனத்தையும் தியானத்தையும் கற்றார். குரு இல்லை, பாய் இல்லை. அவர் சிறையிலிருந்து வெளிவந்து துறவியாகவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. கட்சி ஒக்லாந்து நகரில் ஏழைச் சிறுவர்க்கு நடத்திய சமூகப் பாடசாலைக்கு 1973 முதல் 1981 வரை அதிபராயிருந்தார். அப்பாடசாலையில் இலவச உணவும் இருந்தது, பிள்ளைகள் அமைதியாக அமர்ந்து தியானிக்கும் வேளையும் இருந்தது.

கொமியூனிஸ்ட் கட்சி உறுப்பினரும் மெய்யியல் விரிவுரையாளருமான அஞ்சலா டேவிஸ், 1970 ஒக்ரோபரிற் கைதாகி 1972 யூனில் விடுதலை பெறும்வரையிலான காலத்திலே, தனிச்சிறையில் யோகம் பயின்றமையைத் தாமே எழுதியுள்ளார். 1955இல் மொண்ட்கொமரி நகர பஸ்வண்டியில் இருக்கையை விட்டு எழ மறுத்த றோசா பார்க்ஸ் அறுபது வயதளவில் ஆசனஞ் செய்யும் நிழற்படம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. அரசு ஒரு மனிதனின் உடலைச் சிறைப்படுத்தும்போது, சந்தை அதைக் கூலிக்கு வாங்கும்போது, சட்டம் அதை வண்டியின் பின்னிருக்கைக்கு ஒதுக்கும்போது, அவ்வுடல் என்னுடையது என்று உரிமை கோருவதற்கு மூச்சையும் முதுகெலும்பையும் தவிர வேறு கருவி இல்லாத வேளைகள் உண்டு. யோகம் போராட்டத்துக்கு மாற்று என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. இவர்கள் எவரும் அதை மாற்றாகக் கொள்ளவுமில்லை.

சந்தையோ இந்தப் பெண்களைக் காணவில்லை. யோகம் பெருவணிகமான பின்பு அதன் விளம்பரங்களில் வந்தது ஒரேயொரு உடல்: இளமையானது, மெலிந்தது, வெண்ணிறமானது, வசதியானது. 2013இல் வட அமெரிக்காவின் பெரிய யோக ஆடை நிறுவனமொன்றின் நிறுவகர், தமது காற்சட்டை நைந்துபோவதாக எழுந்த முறைப்பாட்டுக்கு மறுமொழியாக, சில பெண்களின் உடல் அதற்குப் பொருந்தாது எனத் தொலைக்காட்சியிலே கூறினார். துணியின் குறையை உடலின் குறையாக்கிய அந்தப் பேச்சு முதலாளித்துவத்தின் இயல்பான தாய்மொழி. எதிர்ப்பெழுந்ததும் அவர் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். அந்நாட்டிலேயே தடித்த உடலுடைய கறுப்பினப் பெண்ணான ஜெசமின் ஸ்ரான்லி போன்றோர் தம் உடலை மறைக்காமலே கற்பிக்கத் தொடங்கினர். 2017இல் வெளிவந்த அவருடைய நூல் எல்லா உடல்களுக்குமான யோகம் என்பதையே தலைப்பிற் கொண்டது. இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால் விளம்பரப் படத்திலே உடல்களை மாற்றிவிட்டு வகுப்புக் கட்டணத்தை மாற்றாமல் விடுவது வணிகனுக்கு மிக எளிது.

இடதுசாரிகளாகிய நம் பக்கத்துப் பதிவையும் மறைக்க வேண்டியதில்லை. 1973இல் சோவியத் விளையாட்டு அதிகாரிகள் கராத்தே, பெண்களின் உதைபந்தாட்டம் ஆகியவற்றோடு அடயோகத்தையும் விரும்பத்தகாதவற்றின் பட்டியலிற் சேர்த்தனர். பதினோராண்டு கழிந்து, 1984இல், இந்திய விமானி ராகேஷ் சர்மா சோவியத் விண்கலத்திற் சென்று சல்யூற் 7 நிலையத்திலே யோகப் பயிற்சிகளைச் செய்து காட்டினார். தரையில் ஐயத்துக்குரியதாயிருந்தது வானத்தில் ஆராய்ச்சிக்குரியதாயிற்று! கேரளத்து மார்க்சியக் கட்சியினர் பிற்காலத்தில், மதச்சார்பற்ற யோகப் பயிற்சிகளைத் தாமே ஒழுங்குசெய்து, வகுப்புவாதிகளின் ஏகபோகத்தை எதிர்த்தமை இதைவிடத் தெளிவான வழி.

மதம்பற்றிய சிக்கல் கற்பனையன்று. 2015இல் இந்தியாவில் முஸ்லிம் அமைப்புக்கள் சூரிய நமஸ்காரத்துக்கு மறுப்புத் தெரிவித்தபோது, அரச நிகழ்ச்சி நிரலில் அது சேர்க்கப்படவில்லை. சிலர் இதைச் சரணாகதி என்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. சார்வாகனையும் சமணனையும் அழைத்த பழைய நூலின் வழியே அது. ஒரு வகுப்பில் இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய மாணவர் ஒன்றாக அமர்ந்திருக்க, ஒரு பகுதியினர் மனச்சான்றை வாசலில் விட்டு வரவேண்டும் என விதிப்போமாயின், நாம் கற்பிப்பது உடற்கல்வியன்று.

எமது பாடசாலைகள் சிலவற்றிலும் யூன் மாதத்தில் யோகா தினம் நடைபெறுகிறது. மைதானத்தில் மாணவர் வரிசையாக நிற்கின்றனர். காலிலே ஆதாரக்கம்பி பூட்டிய சிறுவன் எங்கே நிற்கிறான்? பெரும்பாலும் ஒலிபெருக்கிக்கு அருகில், மற்றவர்களின் புத்தகப் பைகளுக்குக் காவலாக. முப்பது ஆண்டுப் போர் முடிந்த நாட்டிலே, மிதிவெடியாலும் எறிகணையாலும் கால் இழந்தோர் ஊர்தோறும் வாழும் வடக்கிலும் கிழக்கிலும், இது அற்ப விடயமன்று.

அமெரிக்கரான மத்தியூ சான்போட் 1978இல் தம் பதின்மூன்றாம் வயதில் வாகன விபத்திற் சிக்கி மார்புக்குக் கீழ் உணர்விழந்தவர். தந்தையும் தமக்கையும் அவ்விபத்தில் மாண்டனர். செயலிழந்த உடற்பகுதியை மறந்துவிடு, எஞ்சியதைப் பலப்படுத்து என்பதே வைத்தியர்கள் அவருக்குக் கற்பித்த பாடம். 1991இல் ஐயங்கார் மரபைச் சேர்ந்த ஓர் ஆசிரியையிடம் அவர் யோகம் கற்கத் தொடங்கினார். அசைக்க முடியாத கால்களை விரித்துவைத்து அமர்ந்தபோது, அசைவின்றியும் அக்கால்களோடு ஓர் உறவு உண்டு என்பதை உணர்ந்ததாக அவர் எழுதியுள்ளார். பின்னர் அவரே சக்கர நாற்காலியிலிருந்து கற்பிக்கும் ஆசிரியரானார். பதஞ்சலி கேட்டது உறுதியும் சுகமுமே. கால் அசையவேண்டும் என்று அவர் கேட்கவில்லையே.

1968இல் ஜெய்ப்பூரிலே ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பிரமோத் கரண் சேத்தி என்னும் எலும்புச் சத்திர வைத்தியரும் சேர்ந்து ஒரு செயற்கைப் பாதத்தை உருவாக்கினர். கதிரையில் அமர்ந்து சப்பாத்து அணியும் ஐரோப்பியனுக்காகச் செய்த மேலைநாட்டுப் பாதம், தரையிற் சப்பணமிட்டு அமரவும் குந்தியிருக்கவும் வெறுங்காலோடு வயலில் நடக்கவும் உதவாது என்பதை அவர்கள் கண்டனர். றப்பரினால் ஆன ஜெய்ப்பூர்ப் பாதம் பல திசைகளில் வளையும். போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த அந்தப் பாதத்தை அணிந்தோர் எம்மூர்களில் மரக்கறி விற்கின்றனர், கல்லரிகின்றனர், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்து வருகின்றனர். முழங்காலுக்குக் கீழே இழந்தவர் அதனோடு தரையிற் சப்பணமிட்டு அமரலாம். முழங்காலுக்கு மேலே இழந்தவர்க்கு ஒரு நாற்காலி வேண்டும். பாடசாலையில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை.